மெகாபோன் தில்லையர்

தில்லைநாதன் சேர் முதலில் மெகாபோனின் பொத்தானை அமுக்குவார். பிறகுதான் தொண்டையைச் செருமுவார். வரிசையை மாற்றிச் செய்யலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதனால் கொட்டாஞ்சேனைச் சந்தியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறவர்களுக்கும் அவருடைய சளி கேட்கும். "ஹ்ஹ்ர்ம். அன்பான பொதுமக்களே!" அந்த "ஹ்ஹ்ர்ம்"மை என் கூட்டாளி றிகாஸ் போனில் பதிந்து ரிங்டோனாக வைத்தான். சேரின் வகுப்பு நடுவில் நான் அவனுக்குப் போனில் ஒரு கோல் எடுத்தேன். சேர் மெகாபோனை இறக்கிவிட்டு, குழப்பத்தோடு தன் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

அறுபதைத் தாண்டிய மனிதர். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து பென்சன் எடுத்தவர். ஊர் யாழ்ப்பாணம், இருப்பு வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி பிளட்டில், தனிய. மனைவி கனடாவில் மகளோடு. இவரும் போய் ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தார். "அங்க கடிக்கிறதுக்கு ஒரு நுளம்பு இல்லை தம்பி. நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?" என்று திரும்பி வந்துவிட்டார். சேட்டின் கொலருக்குள் வியர்வைக்கு மடித்து வைத்த லேஞ்சி. சப்பாத்து இல்லை, எப்போதும் ரப்பர் செருப்பு. வெள்ளம் சொல்லிக்கொண்டா வரும் என்பார்.

ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனம் அவரைப் பிடித்து, ஆற்றோரத்துச் சனத்துக்கு அனர்த்தப் பயிற்சி கொடுக்கும் வேலையில் விட்டிருக்கிறது. வெள்ளம் வந்தால் என்ன செய்வது, வெயில் அடித்தால் என்ன செய்வது, வெள்ளம் வடிந்த பிறகு வருகிற காய்ச்சல் வருத்தங்களுக்கு என்ன செய்வது. எங்கள் ஒழுங்கை மட்டக்குளியில், ஆறு கடலில் விழப்போகும் இடத்துக்குக் கிட்ட. ஆனால் வகுப்பு நடப்பது கொட்டாஞ்சேனையில். எங்கள் பக்கத்து மண்டபம்தான் வெள்ளம் வந்தால் முதலில் தாழுகிற மண்டபம்.

வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் ஒரு பெரிய பையோடு வந்து இறங்குவார். பைக்குள் மெகாபோன், கயிறு, குளோரின், ஒரு பிளாஸ்டிக் எலி. எலிக்காய்ச்சல் பாடத்துக்கு அந்த எலி. அது ஒருநாள் டோரின் அக்காவின் கைப்பைக்குள் போயிருந்தது. எப்படிப் போனதென்று நான் சொல்லப்போவதில்லை. டோரின் அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கோவில் ஐயர் எட்டிப் பார்த்தார். சேர் மட்டும் நிதானமாக, "பாத்தீங்களோ, எலி உள்ளுக்கு வாற ஓட்டையை ஒருத்தரும் கவனிக்கேல்லை" என்று அதையே பாடமாக்கிவிட்டார்.

தேத்தண்ணி கொடுத்தால் உடனே வாங்கமாட்டார். குசினிக்குள் போய்க் கேத்திலின் பக்கத்தில் நிற்பார். "குமிழி வரோணும் பிள்ளை. குமிழி வராட்டி அது கிருமிக்குச் சுடுதண்ணிக் குளிப்பு." வெயிலும் ஓர் அனர்த்தம்தான், மத்தியானத்தில் கூலி வேலைக்கு நிற்கிறவர்கள் தலையில் ஈரத்துணி போடவேண்டும், தண்ணீர் தாகம் வருமுன் குடிக்கவேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது டோரின் அக்கா கையை உயர்த்தினார்.

"வீட்டுல சும்மா இருந்துகிட்டு நாள் பூரா கத்துறது அனர்த்தமா சேர்?"

"ஆர் கத்துறது?"

"எங்க வீட்டுக்காரர்."

சேர் சிரிக்கவில்லை. "அதுக்கும் தண்ணி குடுங்கோ" என்றார்.

அவருக்கு இன்னொரு வருத்தம் உண்டு: எழுத்துப்பிழை. பஸ்ஸில் வரும்போது வழியில் உள்ள அரசாங்கப் பலகைகளின் தமிழை எல்லாம் வாசித்து, வகுப்புக்கு வந்து சேரும்போது முகம் சிவந்திருக்கும். பயிற்சிக்கு என்று சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்து அனுப்பிய சுவரொட்டியில், வெள்ளத்தின்போது சனங்களைக் கூட்டிக்கொண்டு போகும் இடத்துக்கு "மக்களை அகற்றும் நிலையம்" என்று போட்டிருந்தது. அதைப் பார்த்த அன்று அவர் பாடமே நடத்தவில்லை. "குப்பையை அகற்றலாம். கல்லை அகற்றலாம். மனுசரை அகற்றுறதோ?" நிறுவனத்தோடு சண்டை பிடித்து, எல்லாவற்றையும் திருப்பி அச்சடிக்க வைத்தார். புதிய சுவரொட்டியில் அவருடைய சொல் இருந்தது: வெளியேற்றம். வெளியேற்ற அறிவித்தல், வெளியேற்றப் பாதை, வெளியேற்ற நிலையம். அழகான, சுத்தமான தமிழ். மெகாபோனில் சொல்லிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு பொருத்தமாய் இருக்கு" என்று தானே மகிழ்ந்துகொண்டார்.

அந்த வருடக் கடைசியில் மலையில் பேய்மழை. ஆறு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது.

ஒரு லொறியின் பின்பக்கம் ஏறி நின்று தில்லைநாதன் சேர் அறிவித்தார். யாழ்ப்பாணத்துக் குரல், மெகாபோன், மழை. "ஹ்ஹ்ர்ம். இது வெளியேற்ற அறிவித்தல். எல்லாரும் உடனடியாய் வெளியேறுங்கோ. கையில கொண்டுபோகக்கூடியதை மட்டும் எடுங்கோ. உடனடியாய் வெளியேறுங்கோ." சொல்லித் தந்தபடியே நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். மருந்து, அடையாள அட்டை, குழந்தைப்பால், எல்லாம் பொலித்தீனில் கட்டி. டோரின் அக்கா வீட்டுக்காரரையும் கட்டாத குறையாக இழுத்துக்கொண்டு வந்தார். பயிற்சி பலித்துவிட்டது என்று சேர் லொறியில் நின்றபடி கிட்டத்தட்டச் சந்தோசமாக இருந்தார்.

ஒழுங்கைக் கடைசி வீடு மட்டும் திறக்கவில்லை. அது தையல்காரர் றவூப் நானாவின் வீடு. அவரும் மனைவி ஷபீகா மாமியும். மகள் குவைத்தில் வேலை. மகளின் பிள்ளை நிம்றா, நல்லவேளையாக அந்த வாரம் தெஹிவளையில் சொந்தக்காரர் வீட்டில். லொறி அந்த வாசலில் நின்று அறிவிக்க அறிவிக்க, உள்ளே யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கடைசியில் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. தண்ணீர் ஏற லொறி நகரவேண்டியதாயிற்று.

அடுத்த நாள் படகு போய்த்தான் இரண்டுபேரையும் ஏற்றி வந்தது. றவூப் நானாவுக்குச் சீனி வருத்தம். காலில் ஆறாத புண். அந்தப் புண்ணோடு ஓர் இரவு முழுக்கத் தண்ணீருக்குள் நின்றிருக்கிறார். மற்ற எல்லோருக்கும் சேர் நாங்கள் போய்த் தங்கிய பாடசாலையில் வைத்து எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை கொடுத்துவிட்டார். அந்த வரிசையில் றவூப் நானா இல்லை. தண்ணீர் வடிந்து, சுவரெல்லாம் கழுவி, இனிப் பயமில்லை என்று நாங்கள் கரம்போட் விளையாடத் தொடங்கிய பிறகு, அவருக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாகியது. சிறுநீர் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை மையத்தாகத்தான் கொண்டுவந்தார்கள்.

மையத்து வீட்டுக்குச் சேர் வந்தார். வந்தவர் பையைத் திறந்து, தண்ணீருக்குள் நின்ற ஆண்களுக்கெல்லாம் குளிசை பங்கிடத் தொடங்கினார். சிலருக்குக் கோபம் வந்தது. "இந்தாளுக்கு நேரங்காலம் தெரியாதா?" என்று றிகாஸின் வாப்பா முணுமுணுத்தார். சேர் காது கேட்காதவர்போல, "சாப்பிட்டுப்போட்டு விழுங்கோணும்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். போகும்போது வாசற்கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த ஷபீகா மாமியைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏன் பிள்ளை, நீங்கள் அண்டைக்கு வரேல்லை?"



பதில் வகுப்பில் வந்தது. பல கிழமைகள் கழித்து. ஷபீகா மாமி அதுவரை ஒரு வகுப்புக்கும் வராதவர். அன்று நிம்றாவை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சேர் வழக்கம்போலத் தொடங்கினார். "ஹ்ஹ்ர்ம். வெளியேற்ற அறிவித்தல்..."

"சேர்." மாமி எழும்பினார். "அந்தச் சொல்ல மட்டும் சொல்லாதீங்க சேர்."

"எந்தச் சொல்லு?"

மாமி அதைச் சொல்லவில்லை. "சேர் யாழ்ப்பாணமா?"

"ஓம். வண்ணார்பண்ணை."

"நாங்க சோனகதெரு."

பக்கத்துப் பக்கத்து ஊர். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் சிரித்து, அவரைத் தெரியுமா இவரைத் தெரியுமா என்று தொடங்கியிருப்பார்கள். சேர் மெகாபோனை மேசையில் வைத்தார். அதன் பொத்தான் அமுங்கியே கிடந்ததால் அவர் மூச்சு விடுவது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நான் அப்ப குமர்ப்பிள்ளை," என்றார் மாமி. கொழும்பில் இத்தனை காலம் பேசிய பேச்சு கழன்று, பழைய பேச்சு வந்தது. "இப்பிடித்தான் வாகனத்தில ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்து சொன்னவை. இதே மாதிரிக் குரல். உடன வெளியேறோணும், கையில கொண்டுபோறதை மட்டும் எடுங்கோ எண்டு. அண்டைக்கு றோட்டில ஏத்தினதுதான், இன்னும் இறங்கேல்லை. இவரும் சோனகதெருதான். சேருடைய லொறி வந்து நிண்டதும் இவர் சொன்னார், இன்னொரு தரம் என்னால ஏலாது, கதவைச் சாத்து எண்டு. நான்தான் தாழ்ப்பாள் போட்டன்."

எனக்கு விஷயம் விளங்கவில்லை. பிறகு றிகாஸ்தான் வெளியே வைத்துச் சொன்னான்: தொண்ணூறில், துவக்கு வைத்திருந்த இயக்கக்காரர்கள், யாழ்ப்பாணத்துச் சோனகர், முஸ்லிம் சனம் எல்லோரையும் சில மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு விரட்டினார்கள். அதற்குச் சனங்கள் வைத்திருக்கிற பெயரே வெளியேற்றம். "உனக்குத் தெரியாதாடா? எங்கட ஊட்டுல நாள் கணக்குச் செல்றதே அதுக்கு முந்தி, அதுக்குப் பொறகுன்டுதான்." எங்கள் சரித்திரப் புத்தகத்தில் அரசர்களும் குளங்களும்தான் இருந்தன. அதையும் நான் பாதியில் விட்டவன்.

அன்று மண்டபத்துக்குள், மாமி சொல்லி முடித்ததும் சேர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு, "நான் அண்டைக்கு அங்கதான் இருந்தனான்" என்றார்.

"தெரியும் சேர்," என்றார் மாமி. குரலில் கோபம்கூட இல்லை. "அந்த றோட்டுவழிய எல்லாரும் கேற்றுக்கு உள்ளுக்குத்தான் நிண்டவை."

வேறு ஆளாக இருந்தால் அதோடு வகுப்பை விட்டுவிட்டு வெள்ளவத்தைக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பார். இவர் அடுத்த கிழமையும் வந்தார். கரும்பலகையைத் துடைத்து, "சரி, வேற ஒரு சொல்லுத் தாங்கோ" என்று சோக்கட்டியோடு நின்றார். இப்படி ஒரு தமிழ்ப் பாடம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தாலும் படித்திருக்கமாட்டேன்.

"இடம்பெயர்வு" என்று முதலில் எழுதினார். வன்னியிலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருக்கும் நேசம் அக்கா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "ஐயோ சேர், அது எனக்குக் காணும், போதும். அந்தச் சொல்லோட நான் தூக்கின தரப்பாள் காணும்." சேர் அழித்தார். "முகாம்" எழுதினார். அவரே அழித்தார். யோசிக்காமல், வன்னியில் ஷெல் விழுந்த இடத்தின் பெயரான "பாதுகாப்பு வலயம்" என்று பாதி எழுதியபோது நேசம் அக்கா எழும்பி வெளியே பைப்படிக்குப் போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"பழைய அகற்றலே இருக்கட்டுமே சேர்," என்றார் ஒருவர்.

டோரின் அக்கா திரும்பினார். "ஏன், வாய்க்கா ஓரத்துல எங்க வீட்ட ஒடைக்க வந்தப்ப செவத்துல அதத்தான எழுதி ஒட்டுனாங்க? மறந்திருச்சா?"

"ஷிப்ட் ஆகுறதுன்டு செல்லுங்க சேர்," என்றான் றிகாஸ்.

"அது ஆருடைய சொல்லு?"

"எங்கட வாடகை ஊட்டுக்காரன்ட. மாசாமாசம் செல்றான்."

அன்று எல்லோரும் சிரித்தோம். நிவாரணம் என்ற சொல்லுக்கு மட்டும் ஒருவரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. ஆனால் அது போவதற்கான சொல் அல்ல. மனிதன் தன் வீட்டைவிட்டு நகர்வதற்குத் தமிழில் உள்ள சொற்களையெல்லாம் யாரோ ஏற்கெனவே பாவித்து முடித்திருந்தார்கள். பலகை வெறுமையாக இருந்தது. சேரின் கை, முகம், லேஞ்சி எல்லாம் சோக் தூள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவருக்கு மண்டை பிசகிவிட்டது என்று கதை வந்தது. றிகாஸ் இப்போது சைக்கிளில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வெள்ளவத்தையில் சேருடைய பிளட்டுக்கும் இடியப்பம் கொண்டுபோனான். கீழே நின்ற காவற்காரர் சிங்களத்தில் அவனிடம் முறையிட்டாராம், உங்கள் மாஸ்டர் மேலே தனிய நின்று கத்துகிறார், எழும்புங்கோ, கிளம்புங்கோ, நடவுங்கோ என்று, பக்கத்து வீட்டுக் குழந்தை பயப்படுகிறது என்று.

பிறகு ஒருநாள் வகுப்புக்கு வந்து, "இனி நான் ஒண்டும் அறிவிக்கிறேல்லை" என்றார். "வாங்கோ எண்டு மட்டும் சொல்லுவன்."

"எங்க சேர் வாறது?" றிகாஸ் விடவில்லை.

"நான் நிக்கிற இடத்துக்கு."

"சேர் லொறியில போய்க்கிட்டே ஈப்பீங்க. லொறிக்குப் பொறகால ஓடி வாறதா?"

பகிடியாகத்தான் கேட்டான். சேர் அதை எடுத்துவைத்து யோசித்தார். உண்மைதான். போங்கோ என்பதை எங்கிருந்தும் சொல்லலாம், லொறியிலிருந்தும் சொல்லலாம். வாங்கோ என்று சொல்வதற்கு ஆள் வாசலில் நிற்கவேண்டும். அன்றைக்கே எங்களோடு மட்டக்குளிக்கு வந்து, ஒழுங்கையில் வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு வாய்க்குள் சொல்லிச் சொல்லி நடந்தார். பெயர் பிழைத்தால் திரும்பிப் போய்க் கேட்டார். ஷபீகா மாமி வீட்டுக்கு முன்னால் வந்ததும் கேட்காமல் திரும்பிவிட்டார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும்.

அடுத்த வெள்ளம் பகலில் வந்தது. பாலத்தடியில் பஸ் நின்றுவிட, சேர் அங்கிருந்து நடந்தே வந்தார். களிசானை முழங்காலுக்கு மேல் மடித்து, கயிற்றின் ஒரு முனையை ஒழுங்கைத் தொடக்கத்து மின்கம்பத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினார். நானும் றிகாஸும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால். "நேசம், வாங்கோ. டோரின், வாங்கோ, அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." சனம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு வந்தது. ஒழுங்கை கீழே போகப்போகத் தண்ணீர் இழுத்தது. ஒரு செத்த நாய், ஒரு காஸ் சிலிண்டர், யாருடையதோ பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாம் எங்களைக் கடந்து போயின.

கடைசி வீடு. கதவு சாத்தியிருந்தது. வாசற்படி இரண்டும் தண்ணீருக்குள். உள்ளே நிம்றா இருமுவது கேட்டது.

"ஷபீகா," என்றார் சேர். "தில்லைநாதன் நிக்கிறன். வாங்கோ."

"நீங்க போங்க சேர். மற்ற ஆக்களப் பாருங்க."

"மற்ற ஆக்கள் வந்திட்டினம். நீங்களும் பிள்ளையும்தான்."

றிகாஸ் கதவை உடைப்போமா என்று என் காதுக்குள் கேட்டான். சேருக்கு அது கேட்டுவிட்டது. திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இந்த வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தா," உள்ளிருந்து மாமியின் குரல், "திரும்பி வரலாமா?"

"தண்ணி வத்தின அடுத்த நாள் நான் கூட்டிக்கொண்டு வருவன். குளோரின் போட்டுக் கழுவித் தருவன். கிணத்தையும் இறைச்சுத் தருவன்."

"எங்களுக்குக் கிணறு இல்ல சேர்."

"ஓம், கிணறு இல்லை," என்றார் சேர். "சோனகதெரு வீட்டில இருந்திருக்கும்."

தண்ணீர் எங்கள் தொடையைத் தொட்டது. அதற்குப் பிறகு உள்ளே ஏதோ இழுபட்டது, கதவுக்கு அண்டை கொடுத்திருந்த மேசையாக இருக்கவேண்டும். தாழ்ப்பாள் கழன்றது. மாமி நிம்றாவைத் தோளில் போட்டுக்கொண்டு, தலைமுட்டாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். பிள்ளையை நான் வாங்கினேன். அது என் காதைப் பிடித்துக்கொண்டது, நெருப்பாய்க் கொதித்தது. மாமி தண்ணீருக்குள் நின்றபடி கதவைச் சாத்தி, பூட்டுப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு திரும்பி, சாவியைச் சேருக்கு நேராக நீட்டினார்.

ஏன் நீட்டுகிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. மாமிக்கும் விளங்கவில்லை போல. நீட்டிய கையையே பார்த்துக்கொண்டு, "அண்டைக்கும் பூட்டிப்போட்டு இப்பிடித்தான் நிண்டனாங்கள்," என்றார். "விரட்டினவை சாவியைத் தரச் சொன்னவை. வாப்பா குடுத்தவர்."

றிகாஸ் நல்லெண்ணத்தில் வாங்கக் கையைக் கொண்டுபோனான். சேர் தோளால் அவனைத் தடுத்தார். அந்த இழுவைக்குள் பிடித்திருந்த கயிற்றையும் விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் மற்றக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாமி அந்தச் சாவியைத் தன் இடுப்பில் செருகி முடிக்கும்வரை அப்படியே நின்றார்.